75 நோவா ஃபிரேமும் என் 69 கமரோவும்

சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். இன்ஜினுக்குக் கீழே கணீர் என்று கேட்டது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறிவிட்டது, ஊறிப்போன மரத்தைத் தட்டியதுபோல் டொப் என்றது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. என் 1969 செவர்லே கமரோவின் முன் சப்ஃபிரேமில் இடது சட்டத்தின் பின்முனை துருவாகியிருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

ஒஹாயோவில் இது புதிதல்ல. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேறும் சேர்ந்து அந்தப் பெட்டிச் சட்டத்தின் பின்மூலையில்தான் தங்கும். கார் பிறந்ததும் இதே மாநிலத்தில்தான். காரின் அடையாள எண்ணான வின் எண்ணில் 'என்' என்ற எழுத்து இருந்தால் நார்வுட் தொழிற்சாலை, 'எல்' என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். என்னுடையது நார்வுட். சின்சினாட்டி நகரம் நான்கு பக்கமும் சூழ்ந்திருக்கும் சின்ன ஊர் அது. தொழிற்சாலை 1987இல் மூடப்பட்டுவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் கடக்கும்போதெல்லாம் காரை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வரும்.

இந்தக் காரின் அமைப்பை ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிறகு வருவது புரியாது. முதல் தலைமுறை கமரோ, அதாவது 1967 முதல் 1969 வரை வந்தவை, முழு ஃபிரேம் கொண்டவை அல்ல. பயர்வாலுக்கு, அதாவது இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டுக்கு, பின்னால் உள்ளதெல்லாம் தகடுகளை வெல்டு செய்து ஒன்றாக்கிய உடல். முன்பாதிக்கு மட்டும் தனியாக ஒரு ஃபிரேம். இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் அதன் மேல்தான். அது உடலோடு ஆறு இடங்களில் ரப்பர் புஷ் வைத்துப் போல்டால் இணைகிறது: ரேடியேட்டர் சப்போர்ட்டில் இரண்டு, பயர்வாலை ஒட்டி இரண்டு, முன் சீட்டுக்குக் கீழே இரண்டு. ஆக, துருப்பிடித்த ஃபிரேமை மொத்தமாகக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். கேட்க எளிது.

எது மாட்டலாம் என்பதுதான் கேள்வி. 1968 முதல் 1974 வரை வந்த செவி நோவாவின் முன் ஃபிரேம் முதல் தலைமுறை கமரோவுக்கு உறவுக்காரன் மாதிரி, பொருந்திவிடும். அதே குடும்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மற்றப் பிராண்டுகளும் உண்டு: 1971இல் தொடங்கிய போன்டியாக் வென்ச்சுரா, 1973இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஒமேகா, பியூக் அப்போலோ. நோவா, ஒமேகா, வென்ச்சுரா, அப்போலோ என்று ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மறுபடி நோவா என்றே வரும், மறக்காமல் இருக்க நல்ல வழி. 1974இல் வந்த போன்டியாக் ஜிடிஓகூட வென்ச்சுராவின் அடித்தளத்தில் செய்ததுதான். கமரோ ஃபிரேம் என்று பெயர் சொன்னாலே விலை ஏறும். வென்ச்சுரா ஃபிரேமை அந்த அளவுக்கு யாரும் தேடுவதில்லை.

சரி, ஒரு நோவா ஃபிரேம் வாங்கலாம் என்று தேடினேன். பழைய கார் பாகங்கள் விற்கும் ஒரு யார்டில் 'நோவா ஃபிரேம், 69 கமரோவுக்குப் பொருந்தும்' என்று சொன்னார்கள். மாலை இருட்டும் நேரம், மழைத் தூறல். சட்டங்களைத் தட்டிப் பார்த்தேன், துரு இல்லை. முன்பக்கம் டிஸ்க் பிரேக் வேறு இருந்தது. பணத்தைக் கொடுத்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் ஸ்டீயரிங் பாக்ஸ் இருக்கும் இடம் கண்ணில் பட்டது. சக்கர அச்சுக்கு முன்னால் இருந்தது. என் கமரோவில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. வந்திருப்பது 1975 நோவாவின் ஃபிரேம்.

அந்த ஒரு வருட வித்தியாசம் சிறிய விஷயம் அல்ல. 1970 பிப்ரவரியில் இரண்டாம் தலைமுறை கமரோ வந்தபோது முன் சஸ்பென்ஷனைப் புதிதாக வரைந்தார்கள். நோவா மட்டும் 1974 வரை பழையதையே வைத்துக்கொண்டு, 1975இல் இரண்டாம் தலைமுறை கமரோவின் முன்பக்கத்தை எடுத்துக்கொண்டது. அதனால் 'நோவா ஃபிரேம்' என்ற சொல்லை நம்பக் கூடாது, ஆண்டைக் கேட்க வேண்டும். ஆண்டும் சந்தேகமாக இருந்தால் டை ராடைப் பாருங்கள், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி அது. சக்கர அச்சுக்குப் பின்னால் ஓடினால் பழைய வகை, முன்னால் ஓடினால் புதிய வகை. பார்க்க அரை நிமிடம் போதும். நான் பார்க்காமல் விட்டதால் ஒரு மாதம் போனது.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏனென்றால் இரண்டாம் தலைமுறை முன்பக்கம் உண்மையிலேயே நல்லது. அதன் காரணம் தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது.

வலதுபுறம் வேகமாக வளைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமை முழுதும் இடது முன் சக்கரத்தின் மேல். சாலை அந்த டயரை வளைவின் உள்பக்கமாகத் தள்ளுகிறது. சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ் கண்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் நசுங்கி, சக்கரத்தின் மையம் கொஞ்சம் உள்ளே நகர்கிறது. ஆனால் டை ராட் அவ்வளவாக நகராது, அதில் அந்த மாதிரி ரப்பர் இல்லை. டை ராட் பின்னால் இருந்தால், சக்கரத்தின் பின்பக்கம் நிற்க, மையம் உள்ளே போக, முன்பக்கம் இன்னும் உள்ளே திரும்புகிறது. நீங்கள் திருப்பாமலே கார் கூடுதலாக வளையும். டை ராட் முன்னால் இருந்தால் நேர்மாறு, சக்கரம் லேசாக வெளியே திரும்பும், கார் அமைதியாக இருக்கும். பழைய கமரோவை நெடுஞ்சாலை வளைவில் ஓட்டியவர்களுக்கு அந்தச் சின்னப் பதற்றம் தெரியும். நடுவில் கையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று பலர் அதையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதோடு முன் டிராக் அகலமும், அதாவது இரண்டு முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும், கூடுதல். முதல் தலைமுறையில் சுமார் 59½ அங்குலம், இரண்டாம் தலைமுறையில் 61 அங்குலத்துக்கு மேல். இரண்டாம் தலைமுறையில் முன் டிஸ்க் பிரேக் எல்லாக் கார்களிலும் உண்டு. இவ்வளவும் முற்றத்தில் கிடக்கும்போது விட மனம் வருமா?

அளக்கத் தொடங்கினேன். இந்த வேலையில் நான் கற்றதில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வார இறுதிகளில் கற்றதுதான். காரை நான்கு ஸ்டாண்டில் சமமட்டமாக ஏற்றி, ஃபிரேம் துளைகள், ஸ்பிரிங் பாக்கெட், ஆர்ம் போல்ட்டுகள், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் (அதை உடலோடு மாட்டும் துளை) என்று ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, கான்கிரீட் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சிலால் குறித்தோம். பதினான்கு வயது மகள்தான் நூல் பிடித்தாள். "அப்பா, இன்னும் ஆடுது, குறிக்காதீங்க" என்று பலமுறை தடுத்தாள். அவள் சொன்னது சரி. குண்டு நிற்கும்வரை காத்திருக்காமல் குறித்தால் கால் அங்குலம் தவறிவிடும், இந்த வேலையில் கால் அங்குலம் மிக அதிகம். முடிந்தபோது தரையில் என் காரின் முன்பாதி முழு அளவில் வரைபடமாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் 75 நோவா ஃபிரேமுக்கும் அதே மாதிரி ஒரு படம்.

ஃபிரேமைப் போல்டில் உட்கார வைக்க வேண்டுமென்றால் துளையைக் கொஞ்சம் நீட்டியோ புஷ் உயரத்தை மாற்றியோ ஏதாவது செய்துவிடலாம். படத்தைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறு. போல்ட் உள்ளே போய்விட்டால் பொருத்தம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஸ்டீயரிங் பாக்ஸ் முன்னால் போனால் என் ஸ்டீயரிங் தண்டு அதை எட்ட இன்னும் நீள வேண்டும், இன்ஜினின் இடது பக்கத்தையும் எக்ஸாஸ்ட்டையும் தாண்டி. அந்தத் தண்டு மோதலில் மடங்கும்படி செய்யப்பட்டது, ஓட்டுநரின் நெஞ்சைக் காப்பதற்காக. அதை வெட்டி வெல்டு செய்ய எனக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். ஸ்டீயரிங் இணைப்புகள் முன்னால் வந்தால் ரேடியேட்டர் சப்போர்ட்டின் கீழ்ப்பகுதியையும் ஸ்டெபிலைசர் பாரையும் பார்க்க வேண்டும். பம்பர் பிராக்கெட்டைப் பார்க்க வேண்டும். டிராக் அகலம் கூடியதால் டயர் ஃபெண்டர் ஓரத்தில் உரசும், வேறு ஆஃப்செட் வீல் வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கதவைத் தட்டும்.

இதைச் செய்து முடித்து நன்றாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வெல்டிங் ஜிக் இருக்கிறது, ஸ்டீயரிங் தண்டுக்கு முறையான யூனிவர்சல் ஜாயிண்ட் வாங்கிப் பொருத்தத் தெரியும். வீட்டு கராஜில் வார இறுதியில் மட்டும் வேலை பார்க்கிற, மகளை அந்தக் காரில் உட்கார வைத்து ஓட்டப்போகிற எனக்கு அது சரியான வழி அல்ல என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு இன்றுவரை வருத்தமில்லை.

இரண்டு மாதம் கழித்து இந்தியானாவில் ஒரு 1973 வென்ச்சுரா ஃபிரேம் கிடைத்தது. இந்த முறை முதலில் டை ராடைப் பார்த்தேன். பின்னால் இருந்தது. அப்புறம் பெட்டிச் சட்டங்களின் பின்முனையைத் தட்டினேன், ஸ்பிரிங் பாக்கெட்டின் உள்ளே விரலை விட்டுத் தடவினேன், ஃபிரேமின் முன்முனைகளான முன்கொம்புகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். பழைய விபத்தில் ஒரு கொம்பு லேசாக வளைந்திருந்தால் பெயின்டு அதை மறைத்துவிடும். டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்து, இரண்டும் சமமாக வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்ப்பதும் இதே கணக்குதான்.

கழற்றும் வேலையில் எல்லோரையும் அழவைக்கும் இடம் ஒன்று உண்டு. சீட்டுக்குக் கீழே உள்ள பின் மவுண்ட் போல்ட், உடலுக்குள் ஒரு கூண்டில் அடைத்த நட்டில் முறுக்கப்பட்டிருக்கும். ஐம்பது வருடத் துருவில் கூண்டு உடைந்தால் நட்டும் சேர்ந்து சுற்றும், போல்ட் வெளியே வராது. ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் மாலை துரு எண்ணெய் விட்டேன். வலதுபக்கம் வந்துவிட்டது. இடதுபக்கம் சுற்ற ஆரம்பித்தது. பலங்கொண்டு முறுக்கியிருந்தால் தரைத் தகடே கிழிந்திருக்கும். கார்ப்பெட்டை விலக்கி, உள்ளிருந்து தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, தகட்டை மூடிபோல் மடக்கித் திறந்து, நட்டை ஸ்பானரால் பிடித்துக் கழற்றினேன். புது நட்டை வைத்த பிறகு மூடியை மடக்கி வெல்டு செய்து சீலர் பூசிவிட்டேன். நான்கு பக்கமும் வெட்டி எடுத்துவிடாதீர்கள், திரும்ப அதே இடத்தில் உட்கார வைப்பது கஷ்டம்.

ஸ்பிரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன் காயில் ஸ்பிரிங், கார் ஸ்டாண்டில் தொங்கும்போதுகூட முழுக்கத் தளர்ந்திருப்பதில்லை. கீழ் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைக்காமல், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்டைக் கழற்றினால் அது பீரங்கிக் குண்டுபோல் வெளியே வரும். ஒரு கனமான சங்கிலியை ஸ்பிரிங்கின் ஊடாகவும் ஃபிரேமைச் சுற்றியும் போட்டு, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். ஃபிரேமில் இன்ஜின் எடை இருக்கும்போதே ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். இன்ஜினைத் தூக்கிய பிறகு முன்பக்கம் லேசாகிவிடும், ஜாக்கி அழுத்தினால் ஸ்பிரிங் சுருங்குவதற்குப் பதில் காரே எழும்பும். வேலை முழுவதிலும் மகளை கராஜுக்கு வெளியே நிற்கச் சொன்ன ஒரே மணி நேரம் அதுதான்.

இன்ஜினை ஹாய்ஸ்டில் தூக்கிவிட்டு, உடலை பயர்வாலுக்குப் பின்னால் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் ஓரத்தில் இரண்டு பக்கமும் தாங்கினேன். தாங்கும் இடத்தில் மரக்கட்டை வையுங்கள், இல்லையென்றால் தகடு நசுங்கும். ஃபிரேமை எடுப்பதற்கு முன்பே கதவின் இடைவெளிகளை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதிக் கதவிலேயே ஒட்டியிருந்தேன். முன்பாதி இல்லாமல் உடல் சற்றுத் தொய்ந்தால் கதவு இடைவெளிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஃபிரேம் வெறுமையாகக் கிடந்தபோது ஒரு வேலை செய்தேன். அதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பழைய வடிவமைப்பின் இன்னொரு குறை, சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை வெளிப்பக்கம் சாய்வது. வளைவில் டயரின் வெளி ஓரம் மட்டுமே சாலையைப் பிடிக்கும். மேல் கண்ட்ரோல் ஆர்ம் பூட்டும் துளைகளைக் கீழே இறக்கினால் சாய்வு உள்பக்கமாக மாறும். டிக் கல்ட்ஸ்ட்ராண்ட் என்ற பந்தய வீரர், கார் வடிவமைப்பாளர் பெயரால்தான் இந்த மாற்றத்தை எல்லோரும் அழைக்கிறார்கள். தகட்டு வார்ப்புரு வைத்துக் குறித்து, முதலில் சிறிய துளை, அப்புறம் பெரியது. இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் தலைமுறை ஃபிரேமில் நான் ஆசைப்பட்டதில் ஒரு பங்கு இப்படியே கிடைத்துவிட்டது. ஸ்டீயரிங் பதற்றத்துக்கு, கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றிக் கடினமான புஷ் போட்டேன். நசுங்குவது குறைந்தால் தானாகத் திரும்புவதும் குறையும்.

உடலுக்கும் ஃபிரேமுக்கும் இடையே ரப்பர் புஷ்ஷே போதும் என்று முடிவு செய்தேன். அலுமினியம் போட்டால் ஃபிரேமும் உடலும் ஒரே துண்டாக இறுகும், பந்தயத்துக்கு நல்லது, ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் சீட்டில் தெரியும். எதைப் போட்டாலும் ஆறும் ஒரே வகையாக இருக்கட்டும். நடுவில் ரப்பர், ஓரத்தில் அலுமினியம் என்று கலந்தால் சட்டம் இறுகிய இடத்தில் முறுக்கு விழும். வாங்குவதற்கு முன் ஃபிரேமில் உள்ள துளையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

புது ஃபிரேமை ஜாக்கியில் ஏற்றிப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் பூட்டினோம், இறுக்கவில்லை. பயர்வால் மவுண்டுக்கு அருகே ஃபிரேமிலும் உடலிலும் நேருக்கு நேராக ஒரு துளை இருக்கும். தொழிற்சாலையில் ஃபிரேமைச் சரியான இடத்தில் உட்கார வைக்கச் செய்தது. 5/8 அங்குலக் கம்பி அதில் நுழைந்தால் அந்த மூலை சரி. என் காரில் இடதுபக்கம் நுழைந்தது, வலதுபக்கம் கால்வாசி மறைந்தது. உடனே நெம்பவில்லை. தரையில் வரைந்து வைத்திருந்த பழைய படம் இப்போதுதான் உதவியது. ஃபிரேமின் முன்புள்ளியிலிருந்து எதிர்ப்பக்க லீஃப் ஸ்பிரிங் கண்ணுக்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தோம். கிட்டத்தட்ட அரை அங்குல வித்தியாசம். ஃபிரேமின் முன்னால் ஒரு ராட்செட் பட்டையைக் குறுக்காகக் கட்டி, கொஞ்சம் இழுத்து, அளந்து, மறுபடி இழுத்து, 1/8 அங்குலத்துக்குள் வந்ததும் நிறுத்தினோம். வலதுபக்கக் கம்பியும் நுழைந்துவிட்டது. பயர்வால் போல்ட்டுகளை முதலில் இறுக்கி, பின் மவுண்ட் அடுத்து, ரேடியேட்டர் சப்போர்ட்டைக் கடைசியாக இறுக்கினேன். ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி அளந்தோம், ஏனென்றால் இறுக்கும்போதே ஃபிரேம் நகரும்.

பிரேக்கில் ஒரு தவறு செய்தேன். என் காரில் முன்பக்கம் டிரம், வென்ச்சுராவில் டிஸ்க். 1969 கமரோவின் டிஸ்க் ஸ்பிண்டிலும் (சக்கரத்தைத் தாங்கும் அச்சு) அந்த நோவா குடும்பத்து டிஸ்க் ஸ்பிண்டிலும் ஒன்றுதான், அதனால் அப்படியே வைத்துக்கொண்டேன். ஆனால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றவில்லை. பத்து மைல் ஓட்டியதும் முன்சக்கரங்கள் சூடேறி, வாசனை வந்தது. டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரின் வெளிவழியில் சிறிய வால்வு ஒன்று இருக்கும். குழாயில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் அதே அழுத்தம் பேடை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டரும் காம்பினேஷன் வால்வும் போட்ட பிறகு சரியானது. பிரேக் குழாய்களை எல்லாம் புதிதாகப் போட்டேன், பழையதை வளைத்து மாட்ட முயலவே கூடாது.

இன்னொன்று, ரப்பர் புஷ் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினிலிருந்து பயர்வாலுக்குப் போகும் எர்த் பட்டைகளை மறந்தால் விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் சோம்பும். புதுப் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

சக்கர அலைன்மென்ட்டுக்குப் போனபோது பழைய ஷிம்களை, அதாவது சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளை, அப்படியே போட்டிருந்தேன். அவற்றுக்கு இங்கே அர்த்தமே இல்லை. ஷிம் எண்ணிக்கை அந்தந்த ஃபிரேமுக்கு உரியது, துளையை வேறு இறக்கியாகிவிட்டது. 1969 கையேட்டில் கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு, சுமார் அரை டிகிரிதான். அந்தக் காலத்துப் பயாஸ் டயருக்கு அது போதும். இன்றைய ரேடியல் டயருக்கு மூன்று டிகிரி வரை வைத்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும். அலைன்மென்ட் கடைக்காரரிடம் கையேட்டு அளவைக் காட்டாமல் வேண்டிய அளவை எழுதிக் கொடுத்தேன்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒஹாயோ ஆற்றங்கரைச் சாலையில் வளைவுகள் அதிகம். பாதி வழியில் "கை ஆடவே இல்லையே அப்பா" என்றாள். நூல் பிடித்தவள் அல்லவா, அவளுக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

75 நோவா ஃபிரேம் ஆறு மாதம் முற்றத்தில் தார்ப்பாலினுக்குள் கிடந்தது. கென்டக்கியிலிருந்து ஒருவர் வந்தார், அவருடைய 1976 நோவாவில் துரு, என் காரில் இருந்த அதே மூலையில். தரையிலிருந்த வரைபடத்தை அவருக்குக் காட்டி, எந்தப் புள்ளியில் தூக்குக்குண்டு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிய விலைக்கே எடுத்துக்கொண்டு போனார்.